முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்

ஒரு கிலோமீட்டர் என்றால் ஆயிரம் மீட்டர் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த டீச்சரை இப்போது எங்காவது பார்த்தால், கையோடு கூட்டிக்கொண்டு போய் என் சாலையில் நிறுத்துவேன். துடைப்பத்தையும் கையில் கொடுத்து, "ஆயிரம் மீட்டர்தானே டீச்சர், கூட்டுங்க" என்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அவரே பாடப் புத்தகத்தை மாற்றச் சொல்லி மனு எழுதியிருப்பார்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். எங்கள் பிரிவில் ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் முடியும். அதற்குள் ஓரத்துப் புல்லை வெட்ட வேண்டும், விழுந்த கிளையை இழுத்துப் போட வேண்டும், சிறுபாலத்தின் வாயில் அடைத்துக்கொண்ட குப்பையை எடுக்க வேண்டும், குழி விழுந்தால் ஜல்லியும் தாரும் போட்டு அடைக்க வேண்டும். கல்லுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது 38ஆவது கிலோமீட்டர். என் நாத்தனாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, 44ஆவது.

இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். இரண்டு பேரும் தற்காலிகம். இரண்டு வருடம் கழித்து ஆய்வுக் குறிப்புகளைப் பார்த்து ஒருவரை நிரந்தரமாக்குவார்கள், மற்றவர் வேண்டும்வரை இருக்கலாம், வேண்டாத அன்று போகலாம் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த நிரந்தரம் வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊரே தைத்த துணியைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. அவரிடம் வருவதெல்லாம் பிய்ந்த ஜிப்பும், இடுப்பு பெருத்துப்போன கால்சட்டையும்தான்.

நாத்தனார் குடியிருப்பது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில். காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். நான் முதலில் இறங்குவேன், அவர் அடுத்த நிறுத்தத்துக்கு அடுத்ததில் இறங்குவார். மதியம் ஒரு மணிக்கு நான் பாதி வேலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது, திரும்பிப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டு போவார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

"எல்லாம் கை வேகம்மா," என்பார் சாயங்காலம் மாடிக்கு வந்து. "நான் வேலைன்னு குனிஞ்சா நிமிர மாட்டேன். ஒம்பது மணிக்கெல்லாம் முடிச்சிட்டு, அப்புறம் சும்மா ரெண்டாவது தடவை ஒரு கூட்டு கூட்டுவேன். நீ நடுநடுவுல டீ குடிக்கிறியோ என்னமோ."

எனக்குக் காதில் புகை வரும். வீட்டுக்காரர் தையல் இயந்திரத்தை வேகமாக ஓட்டுவார். துணி இல்லாமலே ஓட்டுவார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் பேசாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

எங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் சாலை ஆய்வாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜீப் சார். ஜீப்பை விட்டு அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கால் இருக்கிறது என்பதே கேள்விப்பட்ட செய்திதான். புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு ஒவ்வொரு கல்லிலும் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, ஒரு வரி எழுத்து. 44இல் நாத்தனார் கல்லுக்குப் பக்கத்தில் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி நிற்பார். சாலையும் அப்படியே இருக்கும். 38ஆம் கல்லில் நான் இருக்க மாட்டேன். எங்கோ செங்கல் சூளைக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத வளைவில், புல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றே முக்கால் வருடம் அவர் எழுதியது இரண்டே வரி. "44: மெச்சத்தக்கது. 38: மந்தம்."

மந்தம்! அந்தச் சொல்லைப் பிரிவு அலுவலக அறிவிப்புப் பலகையில் பார்த்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வீட்டுக்காரரிடம், "சைக்கிளை எடுங்க. நாளைக்கு என் ரோட்டை அளக்கணும்," என்றேன்.

"ரோட்டை எதுக்கு அளக்கணும்? அதான் கல்லு போட்டிருக்கே?"

"அளக்கணும்னா அளக்கணும்."

மறுநாள் அவர் சைக்கிள் முன்சக்கரத்தின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் எடுத்தார். இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர். வாடிக்கையாளருக்கு எடுப்பது போல, "கொஞ்சம் தளர்வா விடவா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார். ஒரு சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி கட்டினோம். துணி மேலே வரும்போதெல்லாம் அவர் சத்தமாக எண்ண, பின்னாலேயே நான் நோட்டில் நூறு நூறாகக் கோடு போட்டுக்கொண்டு நடந்தேன். 37ஆம் கல்லில் தொடங்கினோம். நானூற்று எழுபத்தாறில் முடிந்திருக்க வேண்டும். நானூற்று எழுபத்தாறில் கல்லும் இல்லை, கல்லின் நிழலும் இல்லை. ஏரிக்கரை வந்தது. எண்ணூறில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி வழி கேட்டார். இவர் "எண்ணூத்தி மூணு" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். செங்கல் சூளை வந்தது, போனது. 38ஆம் கல்லைத் தொட்டபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஆயிரத்து எழுநூத்திப் பதினாலு," என்றார் காற்றாக.

கணக்குப் போட்டேன். மூன்று கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப 44," என்றேன்.

"அது அக்கா ரோடு."

"அதான் சொல்றேன்."

அங்கே நாத்தனார் வேலையை முடித்துவிட்டு மர நிழலில் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். சொந்தத் தம்பி சைக்கிள் சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டே தன்னைக் கடந்து போவதைப் பார்த்து, "என்னடா எண்ணிக்கிட்டுப் போறே?" என்றார்.

"சக்கரம் கோணலா இருக்கான்னு பாக்குறேன்க்கா."

எண்பத்தாறில் அடுத்த கல் வந்துவிட்டது. நூற்று எண்பது மீட்டர். இந்தக் கல்லில் நின்று தும்மினால் அந்தக் கல்லில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஒன்பது மணிக்கே முடித்துவிடுவாராம், கை வேகமாம்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

அன்றே மனு எழுதினேன். "117ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் 38ஆவது கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டர் அறுநூறு மீட்டர் நீளம் இருப்பதால்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். பத்து நாளில் திரும்பி வந்தது. "தாங்கள் குறிப்பிடும் எண்ணில் சாலை ஏதும் இல்லை." அந்த இல்லாத சாலையின் புல்லை வெட்டியதில் என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

மனுவைத் தூக்கிக்கொண்டு கோட்ட அலுவலகத்துக்கே போனேன். ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆவண அறையில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆவணக் காப்பாளர். அந்த அறைக்கு யாரும் வந்து வருடக்கணக்கு ஆகியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க ரோடு 117 இல்லம்மா. நாலு வருஷமா அது 63."

"கல்லுல 117ன்னுதானே இருக்கு?"

"63ன்னு எழுத பெயிண்ட் வந்திருக்குமே?"

"வருது வருதுன்னாங்க. இன்னும் வந்துகிட்டே இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். 63க்கு ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதற்கு அடியில் 117. அதற்கும் அடியில் 9-அ. எல்லாவற்றுக்கும் அடியில், நாடா கட்டிய தடிமனான கட்டு ஒன்று, 9.

"முதல்ல இது ஒம்பதாம் நம்பர் ரோடு," என்று ஆரம்பித்தார். குரலே மாறிவிட்டது. "அப்புறம் துறைமுகத்துல இருந்து அகல ரோடு ஒண்ணு போட்டாங்க. அவ்வளவு பெரிய ரோட்டுக்கு ஒத்தை இலக்க எண்தான் கௌரவம்னு ஒம்பதைப் பிடுங்கி அதுக்குக் குடுத்தாங்க. நமக்கு 9-அ. அடுத்து வந்த தலைமைப் பொறியாளருக்கு எழுத்துன்னாலே ஆகாது. எழுத்து எல்லாத்தையும் எடுத்தார், நமக்கு 117. அவருக்கு அடுத்து வந்தவருக்கு வடக்குல இருந்து வரிசையா எண்ணினாத்தான் தூக்கம் வரும். அப்ப 63."

"நம்பர் கிடக்கட்டும் சார், நீளத்தைச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்ல வர்றேன். நம்பர் போனப்ப கோப்பையும் அந்த ரோட்டு ஆபீசுக்கு அனுப்பச் சொன்னாங்க. நான் நம்பரைக் குடுத்தேன், கோப்பைக் குடுக்கல." திருடிக்கொண்டு வந்த குழந்தையைக் காட்டுவது போல அந்தக் கட்டைக் காட்டினார். "இதைப் பத்திக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

கதை இதுதான். அந்தக் காலத்தில் சாலை கடைத்தெரு வழியாகப் போய்ப் பழைய பாலத்தில் ஆற்றைத் தாண்டியது. 37க்கும் 38க்கும் நடுவே ஒழுங்காக ஆயிரம் மீட்டர். பாலத்தில் விரிசல் விட்டதும் சாலையை ஏரிக்கரை, செங்கல் சூளை என்று சுற்றிக் கொண்டுபோய் மறுபடி 38ஆம் கல்லில் சேர்த்தார்கள். இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர் கூடிவிட்டது. சரியாகச் செய்வதென்றால் அங்கிருந்து 94 வரை ஐம்பத்தேழு கல்லையும் பிடுங்கி நட வேண்டும். அப்போதிருந்த பொறியாளர் கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: "கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 38ஆவது கிலோமீட்டர் நீளமானது எனக் கொள்க." சில வருடம் கழித்து 44இல் குன்றைச் சுற்றிப் போன வளைவை வெட்டி நேராக்கினார்கள். அங்கே எண்ணூற்று இருபது மீட்டர் குறைந்தது. வேறு ஒரு பொறியாளர், அதே பச்சை மை: "44 குட்டையானது எனக் கொள்க."

கொண்டது யார்? என் முதுகு.

ஆவணக் காப்பாளர் பிரதி எடுத்து, முத்திரை குத்தி, என் மனுவோடு சேர்த்துத் தைத்தே கொடுத்தார். 63 என்று எண்ணையும் அவரே திருத்தினார். இனி என்ன, என் கையில் பச்சை மை இருக்கிறது, இரண்டு வாரத்தில் என்னைக் கூப்பிட்டு மாலை போடாத குறையாக நிரந்தரம் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

வந்தது மெமோ.

"ஒரு பணியாளருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு கிலோமீட்டர் மட்டுமே. தாங்கள் உரிய அனுமதியின்றி அரசுச் சாலையின் 2.6 கிலோமீட்டரை இரண்டு ஆண்டுகளாகச் சுத்தம் செய்துள்ளதாகத் தங்கள் மனுவில் இருந்தே தெரியவருகிறது. விளக்கம் தருக." ஜீப் சாரின் கையெழுத்து. திருடினவனைக்கூட இவ்வளவு கண்டிப்பாகக் கேட்க மாட்டார்கள்.

அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன், யாரையாவது திட்ட வேண்டும் என்று. கீழ்த்தளத்து வாசல்படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு மெமோ. ஒதுக்கிய ஒரு கிலோமீட்டரில் எண்ணூற்று இருபது மீட்டரை ஏன் சுத்தம் செய்யவில்லை?

"அன்னிக்கு அவன் எண்ணினது இதைத்தானா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணி."

திட்டுவார் என்று தயாராக இருந்தேன். என்னிடமும் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவர் திட்டவில்லை. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் நிஜமாவே வேகம்னு நெனச்சேன்," என்றார்.

இரண்டு வருடமாக அவர் ஜம்பத்தை உடைக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். உடைந்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. சங்கடமாகத்தான் இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்றால், நூற்று எண்பது மீட்டரைப் பற்றி என்ன ஆறுதல் சொல்ல முடியும்? "நல்லாத்தான் கூட்டியிருந்தீங்க," என்றேன். அதைக் கேட்டதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணைக்குக் கோட்டப் பொறியாளர் முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். புதிதாக வந்த அம்மாள். ஜீப் சாரும் வந்திருந்தார். அவருக்கு உண்மையிலேயே இரண்டு கால் இருந்தது. என் விளக்கம் நாலு பக்கம், அதில் மூன்றரைப் பக்கம் கோபம். நாத்தனாருடையது மூன்று வரி. "எனக்குக் கொடுத்த இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. அது குட்டை என்று தெரியாது. 38இல் இருப்பவர் மந்தம் இல்லை, அவர் சாலை நீளம்."

கடைசி வரியைப் பொறியாளர் அம்மாள் சத்தமாகப் படித்தபோது நான் தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் ஜீப் சார் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷம் வாராவாரம் போயிருக்கீங்க. ஒரு கிலோமீட்டர் போக ஜீப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"டிரைவர்தான் மேடம் ஓட்டுவார்," என்றார் அவர்.

அம்மாள் இரண்டு மெமோவையும் கிழித்தார். நிரந்தரப் பணியிடம் எனக்கு என்று அங்கேயே சொன்னார். கற்களையும் ஒழுங்காக அளந்து மாற்றி நடச் சொல்லி மேலே எழுதினார். அதற்கு உடனே பதில் வந்துவிட்டது: அடுத்த ஆண்டு சாலைக்குப் புது எண் வர இருப்பதால், கல் வேலையை அப்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பழைய கல், பழைய கணக்கு.

ஆணை கைக்கு வந்த அன்று வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் படித்தேன். நல்லவேளை படித்தேன். நிரந்தரப் பணியிடம் ஆளுக்கு அனுமதித்தது இல்லையாம், கிலோமீட்டருக்கு அனுமதித்ததாம். அது இருப்பது 44இல். ஆகவே நான் திங்கட்கிழமை முதல் 44க்கு. 38இல் இருப்பது தற்காலிகப் பணியிடம், தற்காலிகமாக இருப்பவர் நாத்தனார், ஆகவே அவர் 38க்கு.

வீட்டுக்காரர் போய்த் துணி இல்லாத இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வேறு வேறு இருக்கையில் போனோம். அவர் முதலில் இறங்கினார், நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். 44இல் ஏழு மணிக்குத் தொடங்கினேன், எட்டரைக்கு முடித்தேன். மறுபடி ஒருமுறை கூட்டினேன். கல்லைத் துடைத்தேன். ஒரு சருகு விழுந்தது, ஓடிப்போய் எடுத்தேன். அடுத்த சருகுக்காகக் கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. இரண்டு வருடம் கேட்டு வாங்கிய சுகம் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை.

பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து 38ஆம் கல்லில் இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உதவி செய்யப் போகவில்லை. ஜன்னலோரத்தில் இருந்து எத்தனை நாள் கை காட்டியிருக்கிறார், இன்றைக்கு ஒருமுறை நான் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

செங்கல் சூளை வளைவு வரை அவரைக் காணோம். வளைவைத் தாண்டியதும், சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. அவர் கடந்து வந்த பாதி சுத்தமாகத்தான் இருந்தது; முன்னால் மீதி பாதி புல்லாக நீண்டு கிடந்தது. என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் புல்லைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமும் இதைத் தனியாவாம்மா செஞ்சே?"

என் வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார். காப்பாளர் கோப்பைக் காட்டினார். பொறியாளர் அம்மாள் ஆணை போட்டார். ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் அந்தச் சுவரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, நன்றாக அழுதேன். அவர் என் முதுகில் கை வைத்தார்.

அழுது முடித்ததும் எழுந்து அவர் துடைப்பத்தையும் அரிவாளையும் எடுத்தேன்.

"கால் ஆறட்டும், நீங்க உக்காருங்க," என்றேன். "சூளையில இருந்து கல்லு வரைக்கும் நான் முடிக்கிறேன். அந்த வளைவுல புல்லை வலது பக்கத்துல இருந்து வெட்டணும் அண்ணி. இடது பக்கத்துல இருந்து வெட்டினா வராது."

"அப்படியா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் எழுந்து வந்தார்.